பிளினி அப்படிச் சொன்னாரா? யவன மேற்கோளை மூலத்தில் தேடிப் பார்க்கும் வழி

“இந்தியாவின் தலைசிறந்த துறைமுகம் முசிறி என்று பிளினி எழுதியிருக்கிறார்.” “ஆண்டுக்குப் பத்துக் கோடி ரோமானிய நாணயம் தமிழகத்துக்கு வந்தது.” “பெரிப்ளஸ் தமிழகத்தை டமிரிகா என்றே அழைக்கிறது.” மேடையிலும் முகநூலிலும் திரும்பத் திரும்பக் காதில் விழும் வாக்கியங்கள் இவை. பிளினி லத்தீனில் எழுதிய ரோமானியர்; பெரிப்ளஸ் கிரேக்கத்தில் எழுதிய கடல்வழிக் கையேடு; முசிறி சேர நாட்டின் பழைய துறைமுகம். மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. மூன்றில் ஒன்றுகூட அப்படியே சரியில்லை. எங்கே பிசகுகிறது என்று கண்டுபிடிக்கக் கிரேக்கத்திலோ லத்தீனிலோ புலமை வேண்டியதில்லை. ஒரு நோட்டு, இணைய இணைப்பு, ஒரு மாலைப்பொழுது போதும். பாடபேதம் (சுவடிக்குச் சுவடி சொல் மாறுவது) பார்க்கும் படிக்கு மட்டும் கிரேக்க அரிச்சுவடியின் 24 எழுத்துகளைக் கற்றுக்கொள்ளுங்கள்; இரண்டு மூன்று நாளில் கைவந்துவிடும்.

முதல் படி: வாக்கியத்தைப் பிரித்து எழுதுங்கள்

நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள். யார் சொன்னார், எந்த நூலில், நூலின் எந்த இடத்தில், மூலத்தில் என்ன சொல். கேள்விப்பட்ட மேற்கோளை வைத்து நிரப்பப் பார்த்தால், பெரும்பாலும் முதல் கட்டம் மட்டும்தான் நிரம்பும், அதுவும் அரைகுறையாக. பிளினி என்று இருவர் உண்டு. மிளகையும் இந்தியாவையும் பேசுபவர் மூத்தவர். ‘இயற்கை வரலாறு’ என்ற 37 புத்தகத் தொகுப்பை கி.பி. 77இல், பின்னாளில் பேரரசரான டைட்டஸுக்குப் படைத்து, 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்துபோனவர். இளையவர் அவருடைய சகோதரி மகன்; கடிதங்களுக்குப் பெயர்பெற்றவர். (புத்தகம் என்று இங்கே சொல்வது ஒரு பாப்பிரஸ் (எகிப்திய நாணல்தாள்) சுருளில் அடங்கும் அளவை. 37 தடித்த நூல்களைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம்.)

பழைய நூல்களில் ‘அர்ரியனின் பெரிப்ளஸ்’ என்று கண்டால் பெயரை அடித்துவிடுங்கள். ‘செங்கடல் பெரிப்ளஸை’ எழுதியவர் யாரென்று தெரியாது. அர்ரியன் என்ற கிரேக்க எழுத்தாளரின் கருங்கடல் பெரிப்ளஸோடு அது ஒரே கையெழுத்துப்படியில் சேர்ந்து வந்ததால், அவர் பெயர் இதற்கும் ஒட்டிக்கொண்டது.

இடம் குறிக்காத மேற்கோளாக இருந்தால் ஊர்ப்பெயரைப் பிடித்துத் தேடுங்கள். டோப்போஸ்டெக்ஸ்ட் என்ற இலவசத் தளம் பழைய ஊர்களை வரைபடத்தில் காட்டி, ஒவ்வோர் ஊரையும் எந்த நூல் எந்த இடத்தில் குறிப்பிடுகிறது என்று பட்டியல் தரும். ரோமன் எழுத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதித் தேட வேண்டும். முசிறியின் பெயரே முசிறிப் பாப்பிரஸில் (ஏழாம் படியில் வரும் வணிக ஒப்பந்தம்) ஒரு மாதிரியும் பிளினியிடம் இன்னொரு மாதிரியும் வருகிறது. எங்கே தேடியும் இடம் கிடைக்காத மேற்கோளைக் கட்டுரையில் எழுதாமல் விடுவதே மேல். எண் போட்டிருப்பதாலேயே ஒரு மேற்கோளை நம்பிவிடவும் வேண்டாம். இல்லாத எண்ணும் பார்வைக்கு இருக்கிற எண்ணைப் போலத்தான் இருக்கும்.

இரண்டாம் படி: எண்ணைப் படியுங்கள்

குறள் 391 என்றால் எந்தப் பதிப்பைப் பிரித்தாலும் அதே குறள்தான். கிரேக்க, லத்தீன் நூல்களுக்கும் அப்படி நிலையான எண்கள் உண்டு. அச்சுப் பக்க எண்ணை யாரும் மேற்கோளில் தருவதில்லை. ‘லோப் பதிப்பு 417ஆம் பக்கம்’ என்று (லோப் என்பது மூலமும் ஆங்கிலமும் சேர்ந்த ஒரு பதிப்பு வரிசை) ஒருவர் எழுதியிருந்தால், இன்னொரு பதிப்பு வைத்திருப்பவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

பெரும்பாலான உரைநடை நூல்களுக்குப் புத்தகம், அதிகாரம், பத்தி என்று எண் வரும். கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ 2.5.12 என்றால் இரண்டாம் புத்தகம், ஐந்தாம் அதிகாரம், பன்னிரண்டாம் பத்தி. அவருக்கே இன்னொரு கணக்கும் உண்டு: கசோபோன் என்ற அறிஞரின் பழைய பதிப்புப் பக்கத்தை ‘சி 118’ என்பதுபோல எழுதுவார்கள். இரண்டும் ஒரே இடத்தைத்தான் சுட்டும். பிளேட்டோவுக்கு 1578இல் ஸ்டெஃபானஸ் அச்சிட்ட பதிப்பின் பக்கமும், பக்கத்தை ஏ முதல் ஈ வரை பிரித்த பகுதியும் வரும். குகை உவமை தொடங்குவது ‘குடியரசு’ 514ஏ. அரிஸ்டாட்டிலுக்கு 1831இல் வெளிவந்த பெக்கர் பதிப்பின் பக்கம், அதன் இரு நெடும்பத்திகளில் ஏயா பியா என்பது, வரி. ‘அரசியல்’ நூல் 1252ஏ1இல் தொடங்குகிறது. எண் பெரிதாக இருக்கிறதே என்று மிரள வேண்டாம். அவருடைய நூல்கள் அத்தனைக்கும் தொடர்ச்சியாக ஓடும் பக்க எண் அது.

புதியவர்கள் அதிகமாக வழுக்கி விழுவது பிளினியிடம். அவருக்கு மூன்று எண்முறை புழங்குகிறது. இன்றைய ஆய்வாளர்கள் புத்தகத்தையும் பத்தியையும் மட்டும் தருவார்கள்: 6.101. பழைய நூல்கள் புத்தகத்தையும் அதிகாரத்தையும் தரும், அந்த அதிகாரமும் இரண்டு விதம். 1855இல் தொடங்கி வெளிவந்த போஸ்டாக்–ரைலி மொழிபெயர்ப்பில் இந்தியக் கடற்பயணத்தைப் பேசும் இடம் ஆறாம் புத்தகம் 26ஆம் அதிகாரம். பக்கத்திலேயே அடைப்புக்குள் 23 என்று இன்னொரு எண். இன்றைய பத்தி எண்ணில் 6.101 முதல் 6.106 வரை அதற்குள்தான் அடங்குகிறது. அதேபோல் 12.84 என்ற பத்தி பழைய கணக்கில் பன்னிரண்டாம் புத்தகம் 41ஆம் அதிகாரம். பழைய நூலில் ‘12.41’ என்று பார்த்து அதைப் பத்தி எண்ணாக எடுத்துத் தேடினால், வேறெதையோ பேசும் இடத்தில் போய் நிற்பீர்கள். பிறகு ‘இந்த மேற்கோள் பொய்’ என்று அறிவித்துவிடவும் கூடும். எண் பொருந்தாவிட்டால் எடுத்த எடுப்பில் பொய் என்று முடிவு கட்டாதீர்கள். எந்த எண்முறை என்று முதலில் பாருங்கள்.

மூன்றாம் படி: இரண்டு மொழிபெயர்ப்புகளை அருகருகே வையுங்கள்

ஒன்று போதாது. பழையது ஒன்று, புதியது ஒன்று வேண்டும். பெர்சியஸ் மின்னூலகத்தில் மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் இருக்கும். லாக்கஸ் கர்ட்டியஸ் தளத்தில் பிளினியின் லத்தீன் மூலம் முழுதும் கிடைக்கிறது, ஸ்ட்ராபோவின் ஆங்கிலமும் உண்டு. பெரிப்ளஸுக்கு ஷாஃப் 1912இல் செய்த மொழிபெயர்ப்பு இலவசமாகவே கிடைக்கும். கேஸன் 1989இல் மூலத்தோடு வெளியிட்டதைப் பல்கலைக்கழக நூலகத்தில் தேட வேண்டும். லோப் வரிசை 1911இல் தொடங்கியது. இடப்பக்கம் மூலம், வலப்பக்கம் ஆங்கிலம். பச்சை அட்டை கிரேக்கம், சிவப்பு அட்டை லத்தீன். புதியவருக்கு அதைவிட வசதியான வரிசை இல்லை.

இரண்டையும் வரி வரியாக ஒப்பிடுங்கள். ஒத்துப்போகும் இடத்தைத் தாண்டிச் செல்லலாம். முரண்படும் இடத்தில் கோடு போடுங்கள், ஏனென்றால் மூலத்தில் ஏதோ சிக்கல் இருப்பது அங்கேதான்.

பிளினி 6.101ஐயே எடுத்துக்கொள்வோம். எந்த ஆண்டும் இந்தியா நம் பேரரசிலிருந்து இவ்வளவுக்குக் குறையாமல் பணத்தை உறிஞ்சுகிறது, திருப்பி அனுப்பும் சரக்கு நம்மிடம் நூறு மடங்கு விலைக்கு விற்கிறது என்கிறார். எவ்வளவு? லோப் மொழிபெயர்ப்பு ஐந்து கோடி செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) என்கிறது. சில பழைய வரலாற்று நூல்கள் ஐந்தரைக் கோடி என்கின்றன. போஸ்டாக்–ரைலியோ ஐம்பத்தைந்து கோடி என்கிறது. ஒரே வரியில் பதினொரு மடங்கு வேறுபாடு.

காரணம் ரோமன் எண் எழுதும் முறை. எழுத்தின் மேல் ஒரு கோடு போட்டால் ஆயிரத்தால் பெருக்க வேண்டும். மேற்புறமும் இருபக்கமும் கோடிட்டுப் பெட்டிபோல் அடைத்தால் இலட்சத்தால் பெருக்க வேண்டும். ஐந்நூறைக் குறிக்கும் ‘டி’ எழுத்தைப் பெட்டிக்குள் எழுதினால் ஐந்து கோடி. பக்கத்தில் ஐம்பதைக் குறிக்கும் ‘எல்’ ஒன்று கூடினால் ஐந்தரைக் கோடி. படி எடுப்பவர் கோட்டை விட்டுவிட்டாலோ, இல்லாத கோட்டைக் கண்டாலோ தொகை ஆயிரம் மடங்கு ஏறும், இறங்கும். ஆகவே லத்தீன் நூல்களில் எண் எழுத்தால் குறித்த பெருந்தொகை எதையும் ஒரே மொழிபெயர்ப்பை நம்பி எழுதக் கூடாது. சொல்லால் எழுதிய தொகை அதைவிட உறுதியானது. 12.84இல் வரும் பத்துக் கோடி அப்படிச் சொல்லால் எழுதியதுதான்.

அந்தப் பத்துக் கோடி யாருக்குப் போகிறது என்றும் அங்கேயே பாருங்கள்: இந்தியா, சேரெஸ் என்னும் பட்டு நாட்டார், அரேபியத் தீபகற்பம் ஆகிய மூன்றுக்கும் சேர்த்து. ‘தமிழகத்துக்கு’ என்பது பின்னால் யாரோ சேர்த்தது. 6.101இல் வரும் தொகையும் மொத்த இந்தியாவுக்கே. மிளகும் முத்தும் தெற்கிலிருந்து போனதால் அதில் பெரும்பங்கு இங்கே வந்திருக்கும் என்று நீங்கள் வாதிடலாம், நியாயமான வாதம்தான். ஆனால் அது உங்கள் வாதம், பிளினியின் வாக்கு அல்ல.

நான்காம் படி: முன்னும் பின்னும் பத்துப் பத்தி படியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்களால்தான் பாதித் தவறுகள் பிறக்கின்றன. முசிறியைப் பற்றிய வரி 6.104இல் இருக்கிறது. லத்தீனில் ‘ப்ரீமும் எம்போரியும் இந்தியே’. அகராதியைத் திறந்தால் ‘ப்ரீமுஸ்’ என்பதற்கு வரிசையில் முதல் என்ற பொருளும் உண்டு, முதன்மையான என்ற பொருளும் உண்டு. லோகியோன் தளத்தில் அந்தச் சொல்லைத் தட்டினால் லூயிஸ்–ஷார்ட் அகராதி இரண்டையும் காட்டும். அகராதி அதற்கு மேல் உதவாது. சூழல்தான் முடிவு சொல்ல வேண்டும்.

சூழல் என்ன? அரபுக் கரையின் ஒகேலிஸிலிருந்து பருவக்காற்றில் புறப்பட்டால் நாற்பது நாளில் இந்தியாவின் முதல் வணிகத் துறையான முசிறியை அடையலாம் என்கிறார். கப்பல் முதலில் சேரும் துறை என்பதே பொருள். அடுத்த வாக்கியத்திலேயே ஒரு போடு போடுகிறார்: அங்கே போவது நல்லதல்ல, பக்கத்தில் நித்ரியாஸ் என்ற இடத்தில் கடற்கொள்ளையர் இருக்கிறார்கள், சரக்கும் அவ்வளவாக இல்லை, கப்பல் நிற்கும் இடம் கரைக்குத் தொலைவு, தோணியில்தான் ஏற்றி இறக்க வேண்டும். அதைவிட வசதியான துறை பெகாரே, அங்கே ஆள்பவன் பாண்டியன், அவன் ஊர் உள்நாட்டில் இருக்கும் மொதுரா என்று தொடர்கிறார். முசிறியைத் ‘தலைசிறந்த துறைமுகம்’ என்று புகழ்வதற்கு மேற்கோள் காட்டும் வரி, உண்மையில் முசிறிக்குப் போகாதே என்று சொல்லும் பத்தியின் தொடக்கம்.

இதனால் முசிறியின் பெருமை குறைந்துவிடாது. பெரிப்ளஸின் 54ஆம் பத்தி முசிறியைக் கப்பல்கள் நிறைந்து செழித்த துறையாகக் காட்டுகிறது. அகநானூறு 149 காட்டுவதும் அதைத்தான். முசிறியைப் புகழ வேண்டுமானால் அவற்றை மேற்கோள் காட்டுங்கள், பிளினியை விட்டுவிடுங்கள். இரண்டு சாட்சிகள் முரண்படுவது ஆய்வாளருக்கு நல்ல சேதிதான். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதவில்லை என்பதற்கு அது ஓர் அடையாளம்.

ஐந்தாம் படி: அவருக்கு யார் சொன்னது?

யார் யாரிடமிருந்து எடுத்தார் என்ற சங்கிலியை நோட்டில் வரைந்துகொள்ளுங்கள். ‘மெகஸ்தனீஸ் பாண்டிய நாட்டைப் பற்றி எழுதியிருக்கிறார்’ என்பார்கள். கிரேக்கத் தூதர் மெகஸ்தனீஸ் கி.மு. 300ஐ ஒட்டி எழுதிய ‘இந்திகா’ நமக்குக் கிடைக்கவில்லை. கிடைப்பது பிறர் எடுத்தாண்ட பகுதிகள் மட்டும். ஹெராக்ளிஸின் மகள் பண்டையா, அவளுக்குத் தந்தை கொடுத்த 500 யானை, 4,000 குதிரைப்படை, 1,30,000 காலாட்படை என்ற புகழ்பெற்ற சேதி அர்ரியனின் ‘இந்திகே’ எட்டாம் அதிகாரத்தில் வருகிறது. அர்ரியன் கி.பி. 2ஆம் நூற்றாண்டுக்காரர். இடைவெளி நானூறு ஆண்டுக்கு மேல். ஆகவே ‘மெகஸ்தனீஸ், அர்ரியன் வழியாக’ என்று எழுதுவதே முறை.

இப்படிச் சிதறிக் கிடக்கும் பகுதிகளைத் திரட்டி எண் கொடுத்தவர்களும் பலர். ஷ்வான்பெக் 1846இல் ஒரு வரிசை கொடுத்தார். 1877இல் மெக்கிரிண்டில் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு அதைத் தழுவியது. இன்றைய ஆய்வுகள் யகோபியின் தொகுப்பைச் சுட்டும். அதில் மெகஸ்தனீஸுக்கு ஆசிரியர் எண் 715. மூன்றாம் ‘பகுதி’ என்று ஒருவர் எழுதினால் யாருடைய மூன்று என்று கேட்க வேண்டும். இன்னொரு பொறி: பழைய தொகுப்பாளர்கள் மெகஸ்தனீஸ் பெயரே வராத பத்திகளையும் ‘இது அவருடையதாகத்தான் இருக்கும்’ என்று சேர்த்துவிடுவார்கள். எடுத்தாண்டவர் பெயரைச் சொல்லி எடுத்தாண்டிருக்கிறாரா என்று அந்த மூல நூலிலேயே பார்த்துவிடுங்கள்.

ரோமப் பேரரசர் அகஸ்டஸிடம் போன பாண்டியத் தூதும் இதே வகை. ஸ்ட்ராபோ 15.1.4இல் பாண்டியன் பெயர் வருகிறது, கூடவே போரஸ் பெயரும் வருகிறது. இரண்டு பெயர்களும் எப்படி இணைகின்றன என்பதில் பதிப்புகளே வேறுபடுகின்றன. அதே புத்தகத்தின் 15.1.73இல், அந்தியோக்கியாவில் தூதர்களை நேரில் கண்டதாக டமாஸ்கஸ் நிக்கோலாஸ் சொன்னதை ஸ்ட்ராபோ எடுத்தெழுதுகிறார். அங்கே கடிதம் அனுப்பியவன் போரஸ். பாண்டியன் இல்லை. முதல் இடத்தை மட்டும் காட்டி இரண்டாவதை மறைப்பது நேர்மையல்ல.

ஆறாம் படி: பக்கத்தின் அடியைப் பாருங்கள்

மூலநூலின் நம்பகமான பதிப்பில் (டாய்ப்னர், ஆக்ஸ்ஃபோர்டு, பூதே வரிசைகள்) பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் சில வரிகள் இருக்கும். உ.வே.சா. பதிப்புகளில் பாடபேதம் பார்த்துப் பழகியவருக்கு அது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. அமைப்பு இதுதான்: வரி எண், பதிப்பாசிரியர் ஏற்ற பாடம், அடுத்து மற்றப் பாடங்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எந்தச் சுவடி அல்லது எந்த அறிஞர் என்ற சுருக்கக் குறி. குறிகளின் விளக்கம் நூலின் முற்பகுதியில் ஒரு பட்டியலாக இருக்கும். ‘காட்’ என்று சுருக்கியிருந்தால் சுவடிகள் எல்லாம். ‘கோனி’ என்றால் ஓர் அறிஞரின் ஊகத் திருத்தம். ‘ஓம்’ என்று கண்டால் பிரணவம் அல்ல, அந்தச் சுவடியில் இந்தச் சொல் விடுபட்டிருக்கிறது என்று பொருள். சிலுவைபோன்ற கத்திக்குறி இரண்டுக்கு நடுவே ஒரு தொடர் நின்றால், ‘இங்கே பாடம் கெட்டிருக்கிறது, சரிசெய்ய என்னால் முடியவில்லை’ என்று பதிப்பாசிரியர் கைவிரிக்கிறார். அந்தத் தொடரை வைத்துக் கோட்டை கட்டாதீர்கள்.

இப்போது டமிரிகாவுக்கு வருவோம். ஷாஃபின் மொழிபெயர்ப்பில் அந்தப் பெயர் தெளிவாக இருக்கிறது. கேஸனைத் திறந்தால் லிமுரிகே என்று இருக்கிறது. மூன்றாம் படியில் சொன்ன முரண். சுவடி என்ன சொல்கிறது? பெரிப்ளஸுக்கு ஆதாரமான சுவடி ஒன்றே ஒன்றுதான்: ஹைடெல்பர்க் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கும் பலாட்டினுஸ் கிரேக்கம் 398, கி.பி. 9 அல்லது 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. லண்டனில் இருக்கும் இன்னொரு பிரதி அதைப் பார்த்து எழுதியது, ஆகவே தனிச் சாட்சி ஆகாது. ஹைடெல்பர்க் சுவடி முழுதும் நூலகத் தளத்தில் படமாகக் கிடைக்கிறது. பெரிப்ளஸ் 40ஆம் ஏட்டின் பின்பக்கம் தொடங்கி 54ஆம் ஏட்டின் பின்பக்கம் வரை. அரிச்சுவடி கற்றது இதற்குத்தான். முதலில் அச்சுப் பதிப்பின் கிரேக்க வரியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சுவடியின் கூட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கண்ணுக்குப் பழக ஒரு வாரம் ஆகும். ஊர்ப்பெயர்களைத் தேடினால் சீக்கிரம் பிடிபடும்.

சுவடியில் இருப்பது லிமுரிகே. ‘ல’கரம். டமிரிகே என்பது கால்டுவெல் முதலானோர் ஆதரித்த திருத்தம். அதற்கு வலுவான காரணங்கள் உண்டு. கிரேக்கப் பெரிய எழுத்தில் லம்டா அடிக்கோடு இல்லாத கூம்பு, டெல்டா அடிக்கோடு உள்ள கூம்பு. அந்தக் கோடு மங்கினால் ஒன்று மற்றொன்றாகிவிடும். வியன்னாவில் இருக்கும் பாய்ட்டிங்கர் வரைபடத்தில் (ரோமானிய வழிவரைபடத்தின் பிரதி) டமிரிகே என்றே எழுதியிருக்கிறது. எதிர்வாதமும் உண்டு: இன்னொரு கிரேக்க ஆசிரியரான தாலமியின் ‘புவியியல்’ சுவடிகளிலும் லிமுரிகே என்றுதான் இருக்கிறது, அப்படியானால் இரண்டு நூல்களிலும் ஒரே தவறு நேர்ந்திருக்க வேண்டும். எங்கள் பார்வையில் திருத்தம் ஏற்கத் தக்கதே. ஆனால் ‘பெரிப்ளஸ் டமிரிகா என்கிறது’ என்று எழுதுவது பிழை. ‘சுவடியில் லிமுரிகே, டமிரிகே என்று திருத்துவர்’ என்று எழுதினால் ஒருவரும் குறை சொல்ல முடியாது.

ஏழாம் படி: அடைப்புக்குறிகள்

பாப்பிரஸும் கல்வெட்டும் அச்சில் வரும்போது 1931இல் லைடனில் வகுத்த குறியீட்டு முறையைப் பின்பற்றுவார்கள். பகர அடைப்புக்குள் இருப்பது அழிந்துபோய், பதிப்பாசிரியர் ஊகித்து நிரப்பியது. வளைவு அடைப்புக்குள் இருப்பது எழுதியவர் சுருக்கியதன் விரிவு. கோண அடைப்பு, எழுதியவர் விட்டதைப் பதிப்பாசிரியர் சேர்த்தது. நெளிவு அடைப்பு, எழுதியவர் மிகையாக எழுதியது. எழுத்தின் கீழ்ப் புள்ளி இருந்தால் அந்த எழுத்து ஐயத்துக்குரியது. கவனம்: சுவடிவழி வந்த இலக்கிய நூல்களின் பதிப்புகளில், குறிப்பாகப் பழையவற்றில், அதே பகர அடைப்பு ‘இது மூலத்தில் இல்லை, இடைச்செருகல்’ என்று பொருள்படும். பாப்பிரஸில் ‘அழிந்ததை நிரப்பினேன்’, நூலில் ‘இருப்பதை நீக்குகிறேன்’. ஒரே குறிக்கு நேர்மாறான இரண்டு பொருள்.

பழகிப் பார்க்க முசிறிப் பாப்பிரஸைவிட நல்லது இல்லை. வியன்னாவில் இருக்கிறது, எண் ஜி 40822, கி.பி. 2ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி; 1985இல் ஹாராவரும் சைபெஸ்டைனும் முதலில் பதிப்பித்தார்கள். பாப்பிரி இன்ஃபோ தளத்தில் கிரேக்க மூலத்தைப் பார்க்கலாம். ஒருபக்கம் கடன் தொடர்பான ஒப்பந்தம், மறுபக்கம் ஹெர்மப்போலோன் என்ற கப்பலில் வந்த சரக்கின் மதிப்பு. ஒப்பந்தப் பக்கத்தின் தொடக்கமும் முடிவும் இல்லை. வாசிக்கும்போது பகர அடைப்புக்குள் இருப்பதைப் பென்சிலால் அடித்துவிட்டு, மிஞ்சியதை மட்டும் ஒருமுறை படியுங்கள். நீங்கள் சொல்ல வந்த கருத்து அப்போதும் நிற்கிறதா என்று பாருங்கள். இந்த ஒப்பந்தம் முசிறியில் எழுதியதா எகிப்தில் எழுதியதா என்ற சண்டை, மிஞ்சிய சில சொற்களை எப்படிப் படிப்பது என்பதைச் சுற்றித்தான் நடந்தது.

கணக்குகளை நீங்களே போட்டுப் பாருங்கள். ஒரு தாலந்து 60 மினா, அதாவது 6,000 டிராக்மா. கங்கைச் சடாமாஞ்சில் 60 பெட்டி, பெட்டிக்கு 4,500 டிராக்மா என்றால் 2,70,000 டிராக்மா. 6,000ஆல் வகுத்தால் 45 தாலந்து. பாப்பிரஸும் அதையே சொல்கிறது. வரியாக ஒரு கால்பங்கு போக மிஞ்சிய மதிப்பு 1,154 தாலந்து 2,852 டிராக்மா. இதைப் பிளினியின் தொகையோடு ஒப்பிட வேண்டுமானால் நாணயத்தை மாற்ற வேண்டும். எகிப்திய டிராக்மா கிரேக்க டிராக்மாவைவிட மட்டம். நான்கு சேர்ந்தால்தான் ஒரு தினாரியஸ். ஒரு தினாரியஸுக்கு நான்கு செஸ்டர்ஸ். ஆகவே ஓர் எகிப்திய டிராக்மா ஒரு செஸ்டர்ஸுக்குச் சமம். மேற்கண்ட தொகை ஏறக்குறைய 69 இலட்சம் செஸ்டர்ஸ். கிரேக்க டிராக்மா என்று நினைத்துக் கணக்கிட்டவர்கள் இதை நான்கு மடங்காக்கிவிடுவார்கள்.

எடைக்கும் இதே எச்சரிக்கை. பிளினி 12.28இல் ஒரு ராத்தல் திப்பிலி 15 தினாரியஸ், வெள்ளை மிளகு 7, கருமிளகு 4. இந்த ராத்தல் ரோமானிய ராத்தல், சுமார் 327 கிராம். ஆங்கிலேய ராத்தலான 453 கிராமை வைத்துக் கணக்கிட்டால் விலை தவறிவிடும். பழைய மொழிபெயர்ப்புகளின் அடிக்குறிப்பில் பவுன்–ஷில்லிங் கணக்கு இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிவிடுங்கள். பெரிப்ளஸின் ஸ்டேடியத்தை 185 மீட்டராகக் கொள்வது வழக்கம். திண்டிஸ் என்ற துறையிலிருந்து முசிறிக்கு 500 ஸ்டேடியம் என்றால் 92 கிலோமீட்டர் சொச்சம். ஆனால் அது மாலுமியின் மதிப்பீடு, அளவுநாடா பிடித்து அளந்ததல்ல. அந்த எண்ணை வைத்து ஒரு ஊரை இன்றைய வரைபடத்தில் குத்தி நிறுத்த முடியாது.

எட்டாம் படி: மற்றவர்கள் என்ன சொன்னார்கள்?

மூலத்தைப் பார்த்த பிறகு இதைச் செய்யுங்கள், முன்னால் அல்ல. முன்னால் செய்தால் அவர்கள் கண்ணால்தான் மூலத்தைப் படிப்பீர்கள். துறை முழுவதற்குமான ஆண்டு நூற்பட்டியல் லான்னே ஃபிலோலோஜிக். சந்தா வேண்டும், பெரிய நூலகங்களில் இருக்கும். 1990 முதல் வரும் பிரின் மார் கிளாசிக்கல் ரெவ்யூவின் நூல் மதிப்புரைகள் இலவசம். ஒரு நூலை வாங்குமுன் அதன் மதிப்புரையைப் படிப்பது நல்லது. ஆண்டைக் கவனியுங்கள். பெரிப்ளஸின் காலத்தைப் பழைய அறிஞர்கள் வெவ்வேறாகக் கணித்தார்கள். 19ஆம் பத்தியில் வரும் நபத்தேய அரசன் மாலிக்கஸ் கி.பி. 40 முதல் 70 வரை ஆண்டவன் என்பதால் இன்று 1ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி என்று கொள்கிறார்கள். 1985க்கு முன் எழுதிய எந்த நூலிலும் முசிறிப் பாப்பிரஸ் இருக்காது. தமிழில் இத்துறையில் புழங்கும் பல நூல்கள் ஷாஃப், மெக்கிரிண்டில் காலத்து மொழிபெயர்ப்புகளை ஆதாரமாகக் கொண்டவை. அவர்கள் உழைப்பு பெரிது. ஆனால் பாடமும் எண்ணும் அதன் பிறகு மாறியிருக்கின்றன.

எழுதும்போது குறிக்கும் முறை

ஆசிரியர், நூல், புத்தகமும் பத்தியும் சேர்ந்த எண், பயன்படுத்திய பதிப்பு அல்லது மொழிபெயர்ப்பு, பாடச் சிக்கல் இருந்தால் ஒரு சொல்லில் அது. முதலில் வந்த மூன்று வாக்கியங்களும் இந்த வழியில் போனால் இப்படித் திரும்பி வரும்:

கடல்வழியாக வருவோர் முதலில் அடையும் இந்திய வணிகத் துறை முசிறி, ஆனால் கொள்ளையர் பயத்தாலும் சரக்குக் குறைவாலும் அது விரும்பத் தக்கதல்ல (மூத்த பிளினி, ‘இயற்கை வரலாறு’ 6.104, லோப்).

இந்தியா, சேரெஸ், அரேபியா மூன்றும் சேர்ந்து ஆண்டுக்குப் பத்துக் கோடி செஸ்டர்ஸ் (அதே நூல் 12.84), இந்தியா மட்டும் ஐந்து கோடி (6.101, எண்ணில் பாடபேதம் உண்டு).

முசிறியும் நெல்கிண்டா என்ற துறையும் அடங்கிய கரைநாடு லிமுரிகே (‘செங்கடல் பெரிப்ளஸ்’ 53–54, கேஸன், ஷாஃபில் டமிரிகா என்ற திருத்தம்).